ஆத்துக்குப் போனவ

ரெண்டரை மணிக்கு மதாம் ஒதீல் தூங்கப் போனாங்க. போறப்ப உள்கதவுல கைய ஊனி நின்னு, "தேசிங்கு, கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் நான்கு மணிக்குச் சொல்லுங்கள். நாலரைக்குக் கூரியர்க்காரர் வந்துவிடுவார்"ன்னாங்க. போனவங்க ரெண்டு அடி திரும்பி வந்து, "எண்பத்து மூன்று வயது. இதற்குமேல் எனக்கு இன்னொரு பதிப்பு கிடையாது"ன்னு, ரேஷன் கார்டுல பேரு இல்லங்குற மாதிரி சாதாரணமா சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிட்டாங்க. கட்டில் ஒரு தடவ முனகுச்சு. தேசிங்கு கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, மேஜை மேல இருந்த தாள்கட்டைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டாரு. பாரீஸ்லேருந்து வந்த புரூஃப், மதாம் பிரெஞ்சுக்குக் கொண்டுபோன ஒரு தமிழ் நாவலோட மறுபதிப்பு. முன்னூத்திப் பதினாலு பக்கம். கடைசி அத்தியாயம் ஒம்போது பக்கம். அதுல பிழை ஒண்ணே ஒண்ணு. அத அவரு தேட வேண்டியதில்ல. எந்தப் பக்கம், மேலேருந்து எத்தனாவது வரின்னு இருபத்தெட்டு வருஷமா அவருக்குத் தெரியும். அத அங்க வெச்சவரே அவருதான்.

குளிக்குற ரூமுல குழா சொட்டுச்சு. மூணு எண்ணுறதுக்குள்ள ஒரு சொட்டு. வாஷர் போயிருக்கு, நாளைக்கு வாங்கியாந்து போடணும்னு நெனச்சாரு, நாளைக்கு இந்த வீட்டுக்குள்ள விடுவாங்களான்னும் கூடவே நெனச்சாரு. முப்பத்தாறு வருஷம் தெருத்தெருவா தண்ணி வால்வு தொறந்து மூடுன கை, சொட்டுற சத்தம் கேட்டா விரல் தானா திரும்பும், படுக்கையில கூட திரும்பும், அவரு சம்சாரம் தனக்கோட்டி அதப் பாத்துட்டு, யார் கழுத்த திருவுறன்னு கேப்பா. டீ எழுத்து மாதிரி இருக்குற இரும்புச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு விடியக்காலம் அஞ்சுக்கும் சாயங்காலம் நாலரைக்கும் பாண்டிச்சேரி கடலோரத் தெருவுங்கள்ல அவரு போவாரு. திருப்புனா ஜனங்க குளிக்கும், திருப்பலன்னா திட்டும். வேலையில சேந்தப்ப எந்தத் தெருவுல எங்க வால்வு இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. வரைபடம் இருந்துச்சு, பீரோவுக்கு மேல சுருட்டி, பல்லி முட்டையோட. ஆனா அது பிரெஞ்சுல இருந்துச்சு. பத்தாவதே ராப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, சரி இன்னொரு ராப் பள்ளிக்கூடம்தானேன்னு பிரெஞ்சு வகுப்புல போய் உக்காந்தாரு. கூடப் படிச்சவங்க எல்லாம் சொல்தா வீட்டுப் புள்ளைங்க, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த தாத்தா பேரச் சொல்லி கப்பல் ஏறப் போறவங்க. வாத்தியாரு, முசே நீங்க எதுக்குப் படிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, பைப்பு எங்க போவுதுன்னு பாக்கன்னாரு. வகுப்பே சிரிச்சுது. அவரு சிரிக்கல. பைப்பு எங்க போவுதுன்னு தெரியாமத்தானே ஊரே காஞ்சு கெடந்துச்சு. அந்த வருஷம் எம்பத்து மூணு, கோடை. சுய்ஃப்ரேன் வீதியில குனிஞ்சு மூடியத் தொறந்துக்கிட்டு இருக்கப்ப பின்னால ஒரு கொடை வந்து நின்னுச்சு. கொடைக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரம்மா. "ஐயா, மூன்று நாட்களாக நீர் வரவில்லை"ன்னாங்க. இவரு நிமிந்து பாத்து, "நான் தெனமும் வந்துக்கினுதான் இருக்கேன் மதாம். தண்ணிதான் வரல"ன்னாரு. அந்தம்மாவுக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுது. நடுத்தெருவுல நின்னு சிரிச்சாங்க பாருங்க, பால்காரன் சைக்கிள நிறுத்திட்டு எறங்கிட்டான். சிரிச்சு முடிச்சதும் பையிலேருந்து நோட்டை எடுத்து, நீர்னா தண்ணி, நீர்னா நீங்க, ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க. அன்னைக்கே சொல்லிருக்கணும், இந்தாளோட சகவாசம் வேணாம், ஒரே சொல்லுல ரெண்டு இருக்குற பாஷை இது, இந்தாளுக்கு ஒண்ணுதான் தெரியும்னு யாராவது சொல்லிருக்கணும்.

சொல்ல யாரும் இல்ல. மதாமுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த புலவர் செத்துப்போயிருந்தாரு. அவரு குடுத்துட்டுப் போன தமிழ வெச்சுக்கிட்டு மதாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தலைவிகிட்ட பேசலாம், மீன்காரிகிட்ட பேச முடியாது. அதனால ஒரு பேச்சுத் தமிழ் ஆள் வேணும்னு தேடுனாங்க, சாயந்தரம் வால்வு தொறந்துட்டு ஒரு மணி நேரம் வந்து ஒக்காந்தா போதும்னாங்க. ஒரு மணி நேரம் நாப்பத்தோரு வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு. பதினோரு தமிழ் நாவல் பிரெஞ்சுக்குப் போச்சு, எல்லாம் இந்த மேஜையிலதான். முறை ஒண்ணுதான், இன்னைக்கு வரைக்கும் மாறல. இவரு ஒரு வாக்கியம் படிப்பாரு. மதாம் கண்ண மூடிக்குவாங்க. அப்புறம் மூணு கேள்வி. யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? கையில் என்ன இருக்கிறது? மூணாவது கேள்விதான் ஆரம்பத்துல இவருக்கு வெளங்கல. கையில என்ன இருந்தா என்ன மதாம், வாயில சொல்லுதுன்னு கேட்டாரு. "அரிவாளோடு 'வா' என்பதும் வெற்றிலையோடு 'வா' என்பதும் ஒரே வார்த்தையா, தேசிங்கு?"ன்னாங்க. அன்னையிலேருந்து யாரு பேசுனாலும் இவரு மொதல்ல கையத்தான் பாக்குறது. கல்யாண வீட்டுல கூட. மச்சான் ஒருத்தரு, இன்னாயா என் மோதிரத்தயே பாக்கறேன்னு கோச்சுக்கினு போயிட்டாரு.

பக்கம் முன்னூத்தி பதினாலு. கடைசிப் பக்கம். தாளத் தொடாம பாத்தாரு. புதுத் தாள் வாசனை, மாவு கரைச்ச மாதிரி ஒரு வாசனை. அந்த நாவல் அவங்க சேந்து செஞ்சதுல ரெண்டாவது. கும்பகோணத்துப் பக்கம் ஒரு காவேரிக்கரைத் தெரு. தைலான்னு ஒரு பாப்பாரப் பொம்பள. இருபத்தஞ்சு வயசுல புருஷன் செத்து, தன் வீட்டப் பூட்டிட்டு, ஒரு தகரப் பொட்டியோட அண்ணன் வீட்டுக்கு வரா. முப்பது வருஷம் அங்க சமைக்கிறா. கதை முழுக்க மத்தவங்கதான் பேசுறாங்க, அவ வாயே தொறக்கல. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வாக்கியம் பேசுறா. எழுதினவரு எதையும் வெளக்கிச் சொல்ற ஆள் கெடையாது. 'சமையற்கட்டு விளக்கை அணைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் ஆத்துக்குப் போறேன் என்றாள். படி இறங்கினாள்.' அவ்வளவுதான், முற்றும். எம்பத்தாறாம் வருஷம் ஒரு சாயங்காலம் இத இவரு படிச்சாரு. போதாத காலம், அதே வாரத்துலதான் இவரு மதாமுக்குப் பெருமையா ஒரு இலக்கணம் சொல்லிக் குடுத்திருந்தாரு. எழுத்துல காற்று, பேச்சுல காத்து. சோற்றுக்கு சோத்துக்கு. சேற்றுல சேத்துல. ராப் பள்ளிக்கூடத்துல படிச்சவனுக்கு ஒரு விதி கெடச்சா விடுவானா, எதிர்ல வர்றத எல்லாம் அதுல போட்டு அமுக்குவான். ஆத்துக்குன்னதும் மதாம் கண்ணத் தொறந்து, பரீட்சையில பாஸ் ஆன புள்ள மாதிரி, "ஆற்றுக்கு"ன்னாங்க. "ஆமா மதாம். ஆறு"ன்னாரு. காவேரிதான் வாசல்லயே இருக்கே. சந்தேகமே வரல. "எதற்கு?"ன்னாங்க. "எதுக்குன்னு எழுதல"ன்னாரு. மதாம் கண்ணாடியக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க. அன்னைக்கு மூணு கேள்வி கேக்கல. ஒண்ணு கூட கேக்கல. அப்புறம், அவங்களுக்கு ஒம்போது வயசுல, லுவார் ஆத்தங்கரையில அவங்க ஊருல, ஒரு காலையில அவங்க அம்மா அடுப்புல ரொட்டி வேக வெச்சுட்டு, ஆத்தப் பாத்துட்டு வரேன்னு போனாங்கன்னு சொன்னாங்க. மூணு நாள் கழிச்சு நாலு மைல் கீழ கெடச்சாங்களாம். ரொட்டி கருகி, வீடெல்லாம் பொகை. "அந்த வாசனைக்கு எந்த மொழியிலும் சொல் கிடைக்கவில்லை, தேசிங்கு. அதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்"ன்னாங்க. அவரு எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளர் தண்ணி மொண்டாந்து அவங்க முன்னால வெச்சாரு. அந்த ராத்திரியே மதாம் கடைசிப் பக்கத்த டைப் அடிச்சு முடிச்சாங்க. அ லா ரிவியேர். ஆத்துக்கு. நாவலோட பேரையே மாத்தி, ஆத்துக்குப் போறவள்னு வெச்சாங்க.

"அண்ணே, தூங்கறியா படிக்கிறியா?" பிலோமினா. வீட்டு வேலை செய்யறவ, இருபது வருஷமா இங்கதான் இருக்கா. டம்ளர்ல காப்பி, தட்டு போட்டு மூடி.

"ரெண்டும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா மதாம் சம்பளம் குடுக்காது."

"இப்ப மட்டும் குடுக்குதா."

"மூஞ்சி இன்னா இப்படி இருக்குது? தனக்கோட்டி அக்கா எதனா சொல்லிச்சா?"

"பிலோ, மதாமுக்கு நெஞ்சுல வெச்சிருக்காங்களே அந்த மிஷினு, அதுக்கு அதிர்ச்சி ஆவாதில்ல?"

பிலோமினா டம்ளர வெக்காம கையிலயே புடிச்சுக்கிட்டு நின்னா. "அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன மாசம் பூனை செத்ததையே ஒரு வாரம் கழிச்சு, மொதல்ல காய்ச்சல்னு சொல்லி, அப்புறம் ஆஸ்பத்திரின்னு சொல்லி, அப்புறந்தான் சொன்னேன். நீ இன்னா சொல்லப் போற?"

"ஒண்ணுமில்ல. ஒரு எழுத்துப் பிழை."

"எழுத்துப் பிழைக்கா நெஞ்சு நிக்கும்?" டம்ளர வெச்சுட்டுப் போயிட்டா. போனவ குளிக்குற ரூமுக்குள்ள பூந்து, சொட்டுற குழாய்க்குக் கீழ ஒரு துணியப் போட்டா. சத்தம் நின்னுச்சு. சத்தம் இருந்தப்ப அத எண்ணிக்கிட்டாவது இருந்தாரு.

காப்பியில சக்கரை இல்ல, அவருக்கும் சக்கரை, மதாமுக்கும் சக்கரை, இந்த வீட்டுல எறும்பு வந்து எத்தனையோ காலம் ஆச்சு. மணி மூணு அஞ்சு. பூனைக்கு மொதல்ல காய்ச்சல்னு சொன்ன மாதிரி இதுக்கு என்ன சொல்றது? மதாம், ஆத்துல தண்ணி கொறவுன்னு ஆரம்பிக்கிறதா? கொறவுன்னதும் நெனப்பு வேற பக்கம் போயி முட்டுச்சு. தொண்ணூத்தாறு. ஆபீசுக்குப் புது ஜூனியர் இன்ஜினியர் வந்தாரு, கும்பகோணத்துக்காரர், ரங்கபாஷ்யம்னு பேரு, நெத்தியில சின்னதா ஒரு கோடு. மொத நாள் ஒரு மணிக்கு, "தேசிங்கு, நான் ஆத்துக்குப் போய் சாப்ட்டுட்டு வந்துடறேன்"ன்னாரு. இவருக்கு ஆச்சரியம். இந்த வெயில்ல அரியாங்குப்பம் ஆறு வரைக்கும் போயா சாப்புடுவாரு, அங்க ஒரு மரம் கூட கெடையாதேன்னு நெனச்சாரு. காவேரிக்கரைக்காரங்களுக்கு ஆறு இல்லாம சோறு எறங்காது போலன்னு ஒரு மரியாதை கூட வந்துச்சு. ரெண்டாவது நாளும் போனாரு. மூணாவது நாள் மழை, விடாத மழை, அப்பவும் ஆத்துக்குப் போறேன்னாரு. இவருக்கு மனசு கேக்கல. "சார், இன்னைக்கு ஆத்துல தண்ணி ஏறும் சார், ஆபீஸ்லயே சாப்புடுங்க"ன்னாரு. அந்த மனுஷன் முழிச்சாரு. "எங்காத்துல எதுக்குய்யா தண்ணி ஏறணும்? மாடி வீடு"ன்னாரு. ஆபீஸே சிரிச்சுது. ராப் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் அவர வெச்சு ஒரு ரூமே சிரிச்சது அன்னைக்குத்தான். அவரும் சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே எழுந்திரிச்சு வெளிய போயி, மழையில சைக்கிள் சீட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அகம்னா வீடு, அது ஆம் ஆயி, பாப்பாரங்க பேச்சுல ஆத்துக்குன்னா வீட்டுக்கு. சினிமாவுல ஆத்துக்காரர் ஆத்துக்காரர்னு நூறு தடவ கேட்டிருக்காரு, புருஷன்னு தெரியும், ஆனா அது ஏன் அப்படின்னு யாரு யோசிச்சா? வால்வுக்கு ஏன் வால்வுன்னு பேருன்னு யோசிச்சமா? அந்த நாவல்ல நூறாவது பக்கத்துல தைலாவோட அண்ணன் பொண்டாட்டி, எங்காத்துல தண்ணி கெடையாதுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்றா. அத எங்க ஆறு வறண்டு போச்சுன்னு பிரெஞ்சுல போட்டாங்க. தண்ணி வரலங்குற புகாரக் கேட்டுக் கேட்டே தலை நரைச்சவன், அச்சு அசலா ஒரு புகார் வந்து நிக்குறப்ப அத ஆறுன்னு எழுதிக் குடுத்திருக்கான். பாரீஸ்ல ஒரு பத்திரிகைக்காரரு, அந்த வறண்ட ஆறு தைலாவோட மனசுன்னு ரெண்டு பத்தி எழுதினாரு. மனசும் இல்ல ஒண்ணும் இல்ல, கெணத்துக் கயிறு அறுந்திருக்கும்.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சைக்கிள எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வந்தாரு, சொட்டச் சொட்ட. மதாம் கதவத் தொறந்தாங்க, கையில ஒரு புதுப் புஸ்தகம். அவங்க சொந்தமா எழுதின மொத நாவல், அன்னைக்குத்தான் தபால்ல வந்திருந்துச்சு. "முதல் பிரதி உங்களுக்கு, தேசிங்கு"ன்னாங்க. தொறந்தாரு. மொத வரியிலயே ஆறு ஓடுது. தைலாதான் எனக்கு வழி விட்டாள், அவள் இறங்கிய படியில்தான் என் அம்மாவைத் தேடி நானும் இறங்கினேன்னு முன்னுரையில போட்டிருந்துச்சு. அவரு ஈரக் கையோட அந்தப் புஸ்தகத்தப் புடிச்சுக்கிட்டு, நல்லா இருக்கு மதாம்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் இன்னும் மூணு நாவல். எல்லாத்துலயும் ஆறு. ஒவ்வொண்ணு வரும்போதும் சொல்லணும்னு நெனப்பாரு, ஒவ்வொரு தடவையும் தண்ணி இன்னும் ஒரு அடி ஏறியிருக்கும். தனக்கோட்டிகிட்ட மட்டும் சொன்னாரு. அவ பூண்டு உரிச்சுக்கிட்டே கேட்டா. "ஆறோ வூடோ, பொம்பள அந்த அண்ணங்காரன் வூட்ட வுட்டுப் போயிட்டா இல்ல? வுடு"ன்னா. அது நல்ல தீர்ப்புதான். பத்து வருஷம் அத வெச்சு ஓட்டுனாரு.

மணி மூணு முப்பத்தஞ்சு. விரல் தாளத் திருப்பி மொத பக்கத்துக்கு வந்துச்சு. இந்தப் பதிப்புக்கு மதாம் ஆத்தப் பத்திப் புதுசா ஒரு முன்னுரை எழுதியிருக்காங்க. அதுபோக ஒரு வரியும் சேத்திருக்காங்க, தலைப்புக்கு அடுத்த பக்கம், அதுல வேற எதுவுமே இல்ல. 'எனக்கு ஆற்றைக் கொடுத்த தேசிங்குக்கு.' தலைப்ப விட்டா புஸ்தகத்துலயே பெரிய எழுத்து அதுதான். அவரு அந்த வரிய முழுங்க முடியாம பாத்துக்கிட்டே இருந்தாரு, மீன் முள்ளு மாதிரி. சொல்லாம விட்டா என்ன? கூரியர்க்காரன் வருவான், எடுத்துக்கிட்டுப் போவான். பாரீஸ்ல எந்த ஐயரு வந்து படிக்கப் போறாரு? ஆனா படிப்பாங்க. இப்ப எல்லா ஊர்லயும் எல்லாரும் இருக்காங்க. கும்பகோணத்துப் பையன் எவனாவது அங்க படிக்கப் போயி, தமிழையும் பிரெஞ்சையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு சிரிப்பான், ஆபீஸ்ல சிரிச்ச மாதிரி, கூட்டம் கூட்டி சிரிப்பான். அப்ப மதாம் உசுரோட இருந்தா அத எவனோ சொல்லித் தெரிஞ்சுக்குவாங்க. இல்லன்னா பதில் சொல்லக்கூட முடியாம படுத்திருப்பாங்க. சொன்னா? சொன்னா நெஞ்சு. நெஞ்சு தாங்கினாலும், நாப்பது வருஷம், நாலு நாவல், அம்மா, எல்லாத்துக்கும் அடியில ஒரே ஒரு செங்கல், அதுவும் செங்கல் இல்ல, வால்வு ஆபரேட்டர் ஒருத்தன் தப்பாப் படிச்ச ஒரு சொல். உருவினா என்ன ஆகும்? வால்வு விஷயத்துல அவருக்கு ஒண்ணு தெரியும். தப்பா தொறந்த வால்வ எத்தனை வருஷம் ஆனாலும் மூடித்தான் ஆவணும். அப்படியே விட்டா பைப்பு பாட்டுக்கு ஓடும், ஓடி எங்கயோ கண்ணுக்குத் தெரியாத எடத்துல சொவரு ஊறும். வெளிய யாரோ சைக்கிள் மணி அடிச்சாங்க. கூரியர்னு பயந்தாரு. ஐஸ்காரன். முட்டிய நீட்டி மடக்கினாரு. கட்டில் முனகுச்சு. நாலு.

மதாம் வந்து உக்காந்தாங்க. மூஞ்சியில தலகாணி மடிப்பு. பூதக்கண்ணாடியத் தேடிக் கையில எடுத்துக்கிட்டு, "பிழை?"ன்னாங்க.

தேசிங்கு கடைசிப் பக்கத்த எடுத்து மேல வெச்சாரு. நாப்பது வருஷமா அவங்களுக்குள்ள ஒரு வழக்கம், கஷ்டமான சேதி எதுன்னாலும் அதுலதான் ஆரம்பிக்கிறது. "மதாம், நீர் வரவில்லை."

"ஓ"ன்னாங்க. சிரிக்கல. பூதக்கண்ணாடிய மேஜை மேல வெச்சாங்க.

"தைலா ஆத்துக்குப் போகல."

"எங்கே போனாள்?"

"வீட்டுக்கு." அப்புறம் எல்லாத்தையும் சொன்னாரு. ரங்கபாஷ்யம், மழை, மாடி வீடு, அகம், ஆம், ஆத்துக்கு. நூறாவது பக்கம் வறண்ட ஆத்தையும் விடல. சொல்லும்போது மதாமோட நெஞ்சயே பாத்துக்கிட்டு இருந்தாரு, அந்த மிஷினு வெளிய தெரியப் போற மாதிரி. பிலோமினா வாசப்படியில வந்து நின்னவ அப்படியே நின்னா.

"அகம்"ன்னாங்க மதாம், மெதுவா. "அகம் எனக்குத் தெரியும். புலவர் மூன்று வருடம் அகத்தைத்தான் கற்பித்தார்." உதட்டுக்குள்ளயே சொல்லிப் பாத்தாங்க, அகத்துக்கு, ஆத்துக்கு. "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"இருபத்தெட்டு வருஷமா."

"இருபத்தெட்டு வருடம் இந்த மேஜையில் காப்பி குடித்தீர்கள்."

"சக்கரை இல்லாமதான் மதாம்."

ஃபேன் சுத்துச்சு. தாள் ஓரம் படபடன்னுச்சு, அவரு கைய வெச்சு அமுக்கினாரு. அப்புறம் மதாம் கண்ண மூடிக்கிட்டு, "படியுங்கள்"ன்னாங்க.

அவரு பிரெஞ்சத் தள்ளி வெச்சுட்டு, அலமாரியிலேருந்து தமிழ்ப் புஸ்தகத்த எடுத்தாந்து கடைசி நாலு வாக்கியத்தையும் படிச்சாரு.

"யார் சொல்கிறாள்?"

"தைலா."

"யாரிடம்?"

"யாருன்னு போடல. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சொல்றா."

"கையில் என்ன இருக்கிறது?"

தேசிங்கு குனிஞ்சு பாத்தாரு. 'இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.' முப்பத்தாறு வருஷம் சாவி தூக்குனவரு. "சாவி மதாம். அவ வீட்டுச் சாவி. மொத அத்தியாயத்துல பூட்டிட்டு வந்தாளே, அது."

"மூழ்கப் போகிறவள் சாவி இருக்கிறதா என்று பார்ப்பாளா, தேசிங்கு?"

"பாக்க மாட்டா."

"அன்று நான் கேட்கவில்லை. மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை"ன்னாங்க. கண்ணு இன்னும் மூடித்தான் இருந்துச்சு. மடியில இருந்த கை ரெண்டும் எதையோ மடிக்கிற மாதிரி மெதுவா அசைஞ்சுது. கொஞ்சம் கொஞ்சமா அந்த அசைவும் நின்னுச்சு. "பிலோ. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்க ஒரு துணி வைத்திருப்பாயே. அதற்கு என்ன பெயர்?"

"பிடித்துணி மதாம்."

"பிடித்துணி." ஒரு தடவ, ரெண்டு தடவ சொன்னாங்க. "என் அம்மா போகும்போது அது அவள் தோளில் இருந்தது. நீலக் கட்டம். எழுபத்து நான்கு வருடமாக அந்த ரொட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியைப் பார்த்தேன், ஆனால் எதற்கு என்று கேட்டதில்லை. திரும்பி வந்து ரொட்டியை எடுக்கத்தானே அது?"

கரை வழுக்கியிருக்கலாம். வழுக்காமலும் இருந்திருக்கலாம். அத எந்த வரைபடத்துலயும் போடலன்னு தேசிங்குக்குத் தெரியும். ஆனா கையில என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பிலோமினா வந்து மதாமுக்குப் பின்னால நின்னு, நாற்காலி முதுகப் புடிச்சுக்கிட்டா. மதாமோட நெஞ்சு பாட்டுக்கு ஏறி எறங்குச்சு, ஒரு தகராறும் இல்லாம.

நாலரைக்கு மணி அடிச்சுது. "நாளைக்கு வரச் சொல்"ன்னாங்க மதாம். பிலோமினா போயி கூரியர்க்காரன்கிட்ட, "இன்னைக்கு தண்ணி வரல, நாளைக்கு வா"ன்னா. அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, போயிட்டான்.

மதாம் பேனாவத் தொறந்து, பூதக்கண்ணாடிய மூக்குகிட்ட வெச்சு, கடைசிப் பக்கத்துல அ லா ரிவியேர அடிச்சாங்க. கோடு கொஞ்சம் ஆறு மாதிரியேதான் வளைஞ்சுது. பக்கத்துல ஷே முவான்னு எழுதினாங்க. என் வீட்டுக்கு. "தலைப்பு?"ன்னாரு தேசிங்கு.

"தலைப்பு இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு இருக்கிறதல்லவா. ஆனால் முன்னுரை முழுவதும் போயிற்று. நாளையிலிருந்து வேலை. ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் வர வேண்டும். இருபத்தெட்டு வருடத்துக்கு வட்டி." அப்புறம் மொத பக்கத்தப் பொரட்டி, அவரு பேரு இருந்த வரிக்குக் கீழ பொடி எழுத்துல இன்னொரு வரி சேத்தாங்க. அவரு எட்டிப் பாத்து மனசுக்குள்ளயே தமிழ்ல போட்டுப் பாத்தாரு. 'கொடுத்து, சாவகாசமாகத் திரும்ப வாங்கிக்கொண்டவருக்கு.'

"சாவகாசமாகங்கறது கொஞ்சம் அதிகம் மதாம்."

"பிழையா?"

"பிழை இல்ல."

"அப்படியானால் இருக்கட்டும்."

அவரு எழுந்திரிச்சு, குளிக்குற ரூமுக்குப் போயி, துணிய எடுத்துட்டு, குழாய ரெண்டு விரலால அழுத்தித் திருப்பினாரு. பாதி நின்னுச்சு. வாஷரு நாளைக்கு. செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு விடை சொல்லத் திரும்பினாரு. மதாம் பேனாவக் கையிலயே வெச்சுக்கிட்டு, தலைய நிமித்தி, என்ன சொல்லப் போறாருன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. தேசிங்கு ஒரு நிமிஷம் யோசிச்சாரு.

"வீட்டுக்குப் போறேன் மதாம்"ன்னாரு. வாழ்க்கையில எந்தச் சொல்லையும் அவரு அவ்வளவு ஜாக்கிரதையா சொன்னதில்ல.